பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே: குடும்பங்களுக்கான ஆயத்த வழிகாட்டி

பள்ளி திறக்கப்போகிறது என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கடைக்குப் போவதுதான். நோட்டு, பென்சில், பை, சீருடை என்று ஒரு பட்டியல் உருவாகிறது. அதில் உள்ளவற்றை வாங்கி முடித்ததும் ஆயத்தம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் வந்துவிடுகிறது. ஆனால் முதல் வாரத்துக் காலைகளை அழுகையும் அவசரமுமாக ஆக்குபவை வாங்க மறந்த நோட்டுகள் அல்ல. கோடை முழுவதும் சிறிது சிறிதாகத் தள்ளிப்போன தூக்க நேரம், விடிந்ததும் பசிக்காத வயிறு, விரலை அழுத்தும் பழைய ஷூ, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பழகாத கை ஆகியவைதாம் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. இவற்றுள் எதையும் கடைசி நாளில் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது என்பதால்தான் மூன்று வாரம் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன். முதன்முறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரையும், புதிய பள்ளிக்கு மாறும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் தூக்கம்

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். எழுந்ததிலிருந்து கிளம்பும்வரை உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அதிலிருந்து கழித்தால், எழ வேண்டிய நேரம் கிடைக்கும். அதிலிருந்து அந்த வயதுக்குத் தேவையான தூக்கத்தைக் கழித்தால், தூங்கியிருக்க வேண்டிய நேரம் கிடைக்கும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளில் 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரையிலானவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. எட்டு வயதுப் பிள்ளை 7.30 மணிக்குக் கிளம்ப வேண்டும், தயாராக ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், எழ வேண்டியது 6.15 மணிக்கு. பத்து மணி நேரம் தூங்க வேண்டுமானால் முந்தைய இரவு 8.15 மணிக்கெல்லாம் கண் மூடியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை முதன்முறையாகப் போட்டுப் பார்க்கும் பெற்றோரில் பலர் திகைத்துப் போகிறார்கள். ஏனென்றால் விடுமுறையில் அந்த நேரத்துக்கு விளையாட்டே முடிந்திருக்காது.

இந்த இடைவெளியைச் சரிசெய்யும்போது பலரும் செய்யும் தவறு, இரவிலிருந்து தொடங்குவது. தூக்கம் வராத பிள்ளையைச் சீக்கிரமே படுக்க வைத்தால் அது புரண்டுகொண்டுதான் இருக்கும். படுக்கை என்றாலே சண்டை என்ற எண்ணமும் அதன் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே காலையிலிருந்து தொடங்குங்கள். எழும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். சீக்கிரம் எழுந்த பிள்ளைக்கு அன்றிரவோ மறுநாள் இரவோ தூக்கமும் சீக்கிரம் வரும். படுக்கும் நேரத்தையும் அதற்கேற்பச் சிறிது சிறிதாக முன்னால் கொண்டுவரலாம். எட்டே காலுக்கு எழுந்து பழகிய பிள்ளையை ஆறே காலுக்குக் கொண்டுவர எட்டுப் படிகள், அதாவது பதினாறு நாட்கள் தேவைப்படும். மூன்று வாரம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். நடுவில் ஒரு பயணமோ காய்ச்சலோ வந்து சில நாட்கள் வீணானாலும் அதற்கும் இடம் இருக்கிறது.

உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சாவி வெளிச்சம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் திரைச்சீலையை விலக்கிவிடுங்கள். முடிந்தால் பிள்ளையை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ அழைத்துச் சென்று பத்து, பதினைந்து நிமிடம் இருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவது அன்றைய இரவுத் தூக்கத்தை முன்னால் இழுக்கிறது; இரவில் கண்ணில் படும் வெளிச்சம் அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போன், டேப்லெட், தொலைக்காட்சி ஆகியவற்றை நிறுத்திவிட்டு, வீட்டு விளக்குகளையும் குறைத்துக்கொள்வது நல்லது. செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது என்ற ஒரே விதியைப் பெரியவர்களும் சேர்ந்து கடைப்பிடித்தால், தனியாக வாக்குவாதம் எதுவும் தேவைப்படாது.

பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருவமடையும் காலத்தில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. பதினொரு மணிவரை தூக்கம் வரவில்லை என்று உங்கள் மகனோ மகளோ சொன்னால், அது பெரும்பாலும் உண்மைதான். சோம்பேறி என்று பட்டம் கட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்த உடல் மாற்றத்தை அவர்களுக்கே விளக்கிச் சொல்லி, எழும் நேரத்தை அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். வாரக் கடைசியில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சனி, ஞாயிறு மதியம்வரை தூங்கிவிட்டால் வாரம் முழுவதும் பட்ட பாடு வீணாகிவிடும்.

வயிறும் இந்தக் கடிகாரத்தைத்தான் பின்பற்றுகிறது. முதல் சில நாட்கள் சீக்கிரம் எழுந்த பிள்ளைக்குக் காலையில் பசிக்காது. வற்புறுத்தாமல், சிறிதளவு உணவை அதே நேரத்தில் தினமும் வைத்து வாருங்கள். இரவு உணவையும் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். சில நாட்களில் பசி தானாக நேரத்துக்கு வந்துவிடும்.

இதைப் படிக்கும்போது பள்ளி திறக்க ஐந்தாறு நாட்களே இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாகத் தினமும் 15 அல்லது 20 நிமிடம் நகர்த்துங்கள். முழுவதும் எட்ட முடியாவிட்டாலும் பாதி தூரம் வந்திருப்பீர்கள்; மீதியை முதல் வாரம் பார்த்துக்கொள்ளும்.

உடல்நலச் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்

பள்ளி திறக்கும் வாரத்தில் மருத்துவமனைகளில் கூட்டம் அதிகமாக இருக்கும். ஆகவே கண், பல், தடுப்பூசி ஆகிய மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கண்ணைப் பொறுத்தவரை, தனக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது என்று பிள்ளை தானாக வந்து சொல்வது அரிது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். தூரத்துப் பலகையைப் படிக்கும்போது கண்ணைச் சுருக்குவது, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பது, படித்து முடித்ததும் தலைவலி என்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில், செப்டம்பரில் பள்ளிகள் திறந்த சில வாரங்களுக்குள் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். பிள்ளைகள் மீண்டும் ஒன்றுகூடும்போது சளிக் கிருமிகள் பரவுவது ஒரு காரணம். விடுமுறையில் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தினசரித் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுவது இன்னொரு காரணம். அந்த மருந்தின் பயன் உள்ளே படிப்படியாகச் சேர்வது என்பதால், பள்ளி திறந்த அன்று தொடங்கினால் பலன் வரத் தாமதமாகும். மருத்துவரிடம் பேசி, சில வாரங்களுக்கு முன்பே மீண்டும் ஒழுங்காக எடுக்கத் தொடங்குவது அவசியம்.

ஒவ்வாமை, வலிப்பு, நீரிழிவு போன்று பள்ளி நேரத்திலும் கவனம் தேவைப்படும் நிலை எதுவாக இருந்தாலும், வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். என்ன அறிகுறி தெரிந்தால் எந்த மருந்தை எந்த அளவில் தர வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவர் கையெழுத்துடன் ஒரே தாளில் எழுதி வாங்கி, மருந்தோடு சேர்த்து வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். மருந்துப் பெட்டியின் மேல் காலாவதித் தேதி இருக்கும். அது இந்தக் கல்வியாண்டுக்குள் வருகிறதா என்று பார்த்து, வருமானால் அந்தத் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்று கழிப்பறை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அல்லது கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையும் அவர்கள் குறைத்துக்கொள்வார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இப்படியும் வரலாம். காலை உணவுக்குப் பிறகு அவசரமில்லாமல் உட்காரப் பத்து நிமிடம் இருக்குமாறு காலை அட்டவணையை அமைத்துக்கொள்ளுங்கள். சீருடையின் பொத்தானையோ ஜிப்பையோ தானே கழற்றி மாட்டிக்கொள்ளச் சின்னப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆசிரியரிடம் கேட்பதற்கான வாக்கியத்தையும் வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

பொருட்கள்: இருப்பதைப் பார்த்த பிறகு கடைக்கு

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் இருப்பவற்றையெல்லாம் ஓரிடத்தில் கொட்டிப் பாருங்கள். போன ஆண்டின் பாதி நோட்டுகள், நல்ல நிலையில் உள்ள பென்சில் பெட்டி, இன்னும் அளவு சரியாக இருக்கும் சீருடை எனப் பட்டியல் கணிசமாகச் சுருங்கிவிடும். மீதமுள்ளவற்றுள் நான் அக்கறையோடு பார்க்கச் சொல்பவை ஷூவும் பையும் மட்டுமே. மற்றவை எப்படி இருந்தாலும் பாதகமில்லை.

ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த பாதம் காலையைவிடச் சற்று உப்பியிருக்கும். இரண்டு கால்களுக்கும் மாட்டி, எழுந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது இயல்பு, பெரிய காலுக்கு ஏற்றதையே எடுக்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்துப் பள்ளி திறக்கும் நாளில் எடுக்காமல், ஒரு வாரம் வீட்டுக்குள் தினமும் சிறிது நேரம் போட்டு நடக்க வையுங்கள். குதிகாலில் கொப்புளம் வருமானால் அது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

பையைப் பொறுத்தவரை, நிரப்பிய பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ. வீட்டில் எடைக்கருவி இருந்தால் பிள்ளையை முதலில் பையில்லாமலும் பிறகு பையோடும் நிற்க வைத்துப் பாருங்கள்; வித்தியாசம்தான் பையின் எடை. அப்படிப் பார்க்கும்போது பலருக்கும் வியப்பூட்டுவது தண்ணீர் பாட்டில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதாவது அந்தப் பிள்ளை தூக்கக்கூடியதில் கிட்டத்தட்டப் பாதி. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைக்குமானால் பாட்டிலைப் பாதி நிரப்பி அனுப்பி, அங்கே நிரப்பிக்கொள்ளப் பழக்கலாம். கனமான புத்தகங்கள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். பட்டைகள் இரண்டையும் தோளில் மாட்ட வேண்டும். பையின் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாது.

எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஆனால் பைக்கு உட்பக்கத்திலும் பாட்டிலுக்கு அடிப்பக்கத்திலும் எழுதுங்கள். பையின் வெளியே பெரிய எழுத்தில் பெயர் இருந்தால், வழியில் முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட வாய்ப்பாகிவிடும்; தன் பெயர் தெரிந்தவரைச் சின்னப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

படிப்பு

விடுமுறையில் கற்றது மறந்துபோவது இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதும், ஒருமுறை கற்றதை மீண்டும் கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் அதில் தெரிந்தன. பெற்றோருக்கு இதில் ஆறுதலும் உண்டு, வழியும் உண்டு. கடைசி வாரத்தில் நாளுக்கு மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, மூன்று வாரமும் நாளுக்கு 15 அல்லது 20 நிமிடம் என்று இடைவெளி விட்டுப் பார்ப்பதில்தான் பயன் அதிகம். வாய்ப்பாடு, போன ஆண்டுக் கணக்குகளில் நாலைந்து, விரும்பிய கதையில் இரண்டு பக்கம் சத்தமாக வாசிப்பது என்ற அளவே போதும். புதிய பாடங்களை முன்கூட்டியே நடத்தி முடிக்க வேண்டாம்; அது ஆசிரியரின் வேலை. மாறாக, தினமும் ஐந்தாறு வரியாவது கையால் எழுத வையுங்கள். பல வாரம் பென்சில் பிடிக்காத கைக்கு முதல் நாளில் பத்து வரி எழுதுவதற்குள் வலி எடுத்துவிடும்.

ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை

என் மகன் பள்ளிக்குப் போன முதல் நாள் மாலை, அவன் சாப்பாட்டு டப்பா காலையில் வைத்தபடியே திரும்பி வந்தது. பசிக்கவில்லையா என்று கேட்டேன். பசித்தது, மூடிதான் வரவில்லை என்றான். நான்கு பக்கமும் கொக்கி வைத்த புது டப்பா. உள்ளே இருந்த சூட்டில் மூடி இறுகிப்போயிருந்தது. பிள்ளையின் வலது கட்டைவிரல் நகத்தோரம் சிவந்திருந்தது, அவ்வளவு முயன்றிருக்கிறான். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றதற்கு, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்றான். அந்தப் பதில் இன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. டப்பாவை நான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். அதை அவன் கையில் கொடுத்து ஒருமுறை திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

அதனால்தான் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முழுக் காலை ஒத்திகையைக் கட்டாயம் நடத்தச் சொல்கிறேன். உண்மையான நேரத்துக்கு அலாரம் அடிக்கட்டும். பிள்ளை எழுந்து, குளித்து, சீருடை போட்டு, ஷூ மாட்டி, பையோடு கிளம்பட்டும். பள்ளிக்கோ வண்டி நிற்கும் இடத்துக்கோ நடந்தே போய்த் திரும்பி வாருங்கள். எந்த இடத்தில் தாமதமாகிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குளிப்பதில் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் ஒரு காலுறையைத் தேடியதில் பத்து நிமிடம் போயிருக்கும். அன்று பகல் உணவை அதே டப்பாவில் வைத்து, பள்ளியில் உணவு இடைவேளை எவ்வளவோ அவ்வளவு நேரத்துக்குள் தானே திறந்து, சாப்பிட்டு, மூடி வைக்கச் சொல்லுங்கள். நடுவில் கை கொடுக்காதீர்கள். திறக்க வராவிட்டால் வேறு டப்பாவுக்கு மாற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. “இதைத் திறந்து தர முடியுமா?”, “எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்”, “எனக்கு உடம்பு சரியில்லை” என்ற மூன்று வாக்கியங்களையும் விளையாட்டுப் போலச் சொல்லிப் பழக்குங்கள், நீங்கள் ஆசிரியராக இருங்கள், பிறகு பிள்ளையை ஆசிரியராக்குங்கள்.

தனியாக நடந்து போகப்போகும் பிள்ளையோடு அதே பாதையில் பலமுறை நடந்து பாருங்கள். வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்கச் சிறு வயதில் வராது. ஆகவே எங்கே கடக்க வேண்டும் என்ற இடத்தை நீங்களே முடிவு செய்துகொடுத்து, வேறெங்கும் கடக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பயத்தைப் பேச விடுங்கள்

‘பயப்பட என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டால், அதன் பிறகு பிள்ளை தன் பயத்தை நம்மிடம் சொல்லாது. எதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் நாம் நினைத்ததாக இருக்காது. பக்கத்தில் யார் உட்காருவார்கள், கழிப்பறை எங்கே இருக்கும், வண்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பவை போன்ற, விடை சொல்லக்கூடிய கேள்விகளாகவே அவை இருக்கும். புதிய பள்ளியாக இருந்தால் அனுமதி பெற்று ஒருமுறை அழைத்துச் சென்று வாயில், வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் ஆகிய நான்கையும் காட்டுங்கள். அதே வகுப்பில் சேரும் ஒரு பிள்ளையோடு முன்பே ஒரு மாலை விளையாட விட்டால், முதல் நாளில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

முதன்முறையாகப் பிரியும் சின்னக் குழந்தையிடம் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். அப்போதைக்கு அழுகை குறைந்தாலும், கண்ணை எடுத்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்ற அச்சம் அதற்குப் பிறகு வீட்டிலும் தொடரும். ஒரு அணைப்பு, ஒரு வாக்கியம், கையசைத்தல் என்று தினமும் ஒரே மாதிரி, ஒரு நிமிடத்துக்குள் விடைபெறுங்கள். மூன்று மணிக்கு வருவேன் என்பது மூன்று வயதுக் குழந்தைக்குப் புரியாது. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, விளையாடி முடித்ததும் வருவேன் என்றால் புரியும். சொன்னபடி சரியாக அந்த நேரத்தில் அங்கே நில்லுங்கள்.

பள்ளி நாட்களின் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி வந்து விடுமுறையில் மறைந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். அந்த வலியை நடிப்பு என்று ஒதுக்க வேண்டாம். பதற்றம் உடலில் உண்மையான வலியாகவே வெளிப்படும். மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு வாரத்துக்குள்ளாகவே வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.

முதல் வாரம்

முதல் நாளுக்கு முந்தைய இரவே பை, சீருடை, காலுறை, ஷூ ஆகியவை வாசல் பக்கம் ஒரே இடத்தில் தயாராக இருக்க வேண்டும். யார் கொண்டுபோய் விடுவது, யார் அழைத்து வருவது, அவரால் முடியாவிட்டால் யார் என்ற மூன்றையும் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள். தொடர்புக்கு இரண்டு பெரியவர்களின் எண்களைப் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.

மாலையில் திரும்பும் பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழலாம், சின்ன விஷயத்துக்கு அழலாம். நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை, பயமின்றி அவிழ்த்துவிடக்கூடிய இடம் வீடு என்று அது நம்புவதால்தான் இப்படி நடக்கிறது. முதல் அரை மணி நேரம் கேள்வி எதுவும் வேண்டாம்; சாப்பிடவும் குடிக்கவும் கொடுத்து அமைதியாக விட்டுவிடுங்கள். பிறகு கேட்கும்போதும், பள்ளி எப்படி இருந்தது என்றால் நன்றாக இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், எப்போது சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குப் பாட்டு, நடனம், நீச்சல் என்று மாலை வகுப்பு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். படுக்கும் நேரத்தையும் இயன்றால் அரை மணி நேரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பையைத் தலைகீழாகக் கொட்டுங்கள். நான்காக மடிந்து அடியில் கிடக்கும் பள்ளிக் கடிதம், முனை உடைந்த பென்சில்கள், யாருடையதோ ஒரு அழிப்பான் என்று எல்லாம் வெளியே வரும். கடிதத்தில் கேட்டிருக்கும் தேதிகளை நாட்காட்டியில் எழுதிவிட்டு, வகுப்பு அட்டவணையைப் பார்த்துத் திங்கட்கிழமைக்கு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குங்கள். அந்த வாரம் எந்தெந்தக் காலையில் தாமதமானது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அது சொல்லும் காரணம் உங்கள் கணிப்பிலிருந்து வேறுபட்டாலும், அடுத்த வாரம் முதலில் அதையே மாற்றிப் பாருங்கள்.